17 என்றால் எந்த 17?

கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவைச் செருகுகிறோம். சில நொடிகளில் அதன் பெயர் திரையில் வந்துவிடுகிறது. பிரிண்டரை இணைத்தால் அதன் மாடல் எண் முதற்கொண்டு விண்டோஸ் சொல்லிவிடுகிறது. இந்த வசதிக்கு நாம் நன்றாகவே பழகிவிட்டோம். ஆகவேதான் ராஸ்பெரி பை போன்ற சிங்கிள் போர்டு கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கி, அதன் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் 40 பின்களில் ஒரு சென்சரை இணைப்பவர்கள், அதையும் கம்ப்யூட்டர் தானாகவே தெரிந்து கொள்ளும் என எதிர்பார்க்கிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி, போர்டைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுபவர்களும் உண்டு.

இது வாங்கியவரின் தவறு அல்ல என்பது என் கருத்து. பின்களுக்கு எண் சூட்டி, அந்த எண்ணை மட்டும் நம்பிப் புரோகிராம் எழுதும் பழக்கத்தை உண்டாக்கியவர்களே இதற்குப் பொறுப்பு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

பழைய கம்ப்யூட்டர்களிலும் இந்தத் தலைவலி இருந்தது. ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் ஒரு சவுண்ட் கார்டைச் செருகினால் அது எந்த இன்டரப்ட் எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்பதை ஜம்பர்களை மாற்றி மாற்றிப் போட்டு நாமே முடிவு செய்ய வேண்டும். இரண்டு கார்டுகள் ஒரே எண்ணைக் கேட்டால் இரண்டுமே மக்கர் செய்யும். விண்டோஸ் 95 உடன் பிளக் அண்ட் ப்ளே பரவலானது. பிசிஐ கார்டு ஒவ்வொன்றிலும் தயாரித்த நிறுவனத்திற்கு ஓர் எண், சாதனத்திற்கு ஓர் எண் எனப் பதிந்து அனுப்பினார்கள். யுஎஸ்பி சாதனங்களும் இப்படித்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் "நீ யார்?" என்று கேட்கிறது, சாதனம் பதில் சொல்கிறது. பதிலுக்கு ஏற்ற டிரைவர் ஏற்றப்படுகிறது.

சிங்கிள் போர்டு கம்ப்யூட்டரின் பின்னுக்கு வாய் கிடையாது. அது வெறும் உலோகக் குச்சி. சாப்ட்வேரால் அதில் 3.3 வோல்ட் வைக்க முடியும், 0 வோல்ட் வைக்க முடியும், அல்லது வெளியிலிருந்து எது வருகிறது என்று படிக்க முடியும். மறுமுனையில் இருப்பது எல்இடியா, ஸ்விட்சா, தண்ணீர் மோட்டாரின் ரிலேயா என்று அதற்குத் தெரியாது. எனவே யாராவது அதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்வது நாம்தான். சொல்லும் போது எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்பதில்தான் வம்பே தொடங்குகிறது.

ராஸ்பெரி பை போர்டில் ஒரு பின்னுக்கு மூன்று எண்கள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது வரிசை எண். போர்டைப் பார்த்து 1, 2, 3 என 40 வரை எண்ணிக்கொண்டு போவது. இரண்டாவது சிப் எண். போர்டில் உள்ள சிப் தன் கால்களுக்கு வைத்திருக்கும் எண். ஜிபிஐஓ 17, ஜிபிஐஓ 18 என்றெல்லாம் சொல்வது இதைத்தான். மூன்றாவது, வயரிங் பை என்ற லைப்ரரி தனக்கென வகுத்துக்கொண்ட எண். வரிசையில் 11ஆவதாக நிற்கும் பின்னை எடுத்துக் கொள்வோம். அது சிப் கணக்கில் 17. வயரிங் பை கணக்கில் 0. சரி, வரிசையில் 17ஆவதாக நிற்கும் பின் எது என்று பார்த்தால், அது ஜிபிஐஓ பின்னே அல்ல. 3.3 வோல்ட் சப்ளை!

17இல் தவறினால் பரவாயில்லை, எல்இடி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். 4 என்ற எண் ஆபத்தானது. சிப் கணக்கில் 4 என்பது வரிசையில் 7ஆவது பின். வயரிங் பை கணக்கில் 4 என்பது வரிசையில் 16ஆவது. வரிசைக் கணக்கில் 4ஆவது பின்னோ 5 வோல்ட் சப்ளை. ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. 5 வோல்ட் பட்டால் சிப் நிரந்தரமாகக் கெட்டுப் போகலாம். அதைத் தனியாகக் கழற்றி மாற்றவும் முடியாது.

அண்மையில் ஒரு பள்ளி மாணவனுக்காக அவன் தந்தை வாங்கி வந்த கிட் ஒன்றைப் பார்த்தேன். வெப்பநிலை சென்சர், சில எல்இடிகள், ஒயர்கள், சிறிய கையேடு. சென்சரின் டேட்டா ஒயரை 4இல் இணைக்கவும் என்று கையேட்டில் இருந்தது. எந்த 4 என்று இல்லை. பையன் போர்டை எண்ணிப் பார்த்து 4ஆவது பின்னில் செருகத் தயாராக இருந்தான். எண்ணத் தெரிந்த எந்தப் பையனும் அதைத்தானே செய்வான்? எழுதியவருக்கு அது சிப் எண் என்று தெரியும். படிப்பவருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டார்.

சிலர், "வரிசை எண்ணையே எல்லோரும் பயன்படுத்தினால் போகிறது, கண்ணால் பார்த்து எண்ணலாமே" என்பார்கள். ஒயர் இணைக்க அது நல்ல வழிதான். ஆனால் சாப்ட்வேர் அந்த எண்ணை வைத்து நேரடியாக எதையும் செய்ய முடியாது. வரிசை எண்ணைச் சிப் எண்ணாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை போர்டுக்குப் போர்டு மாறும். முதல் ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் போர்டைச் சற்றுத் திருத்தி இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்கள். முதல் பதிப்பில் வரிசையின் 13ஆவது பின் ஜிபிஐஓ 21. இரண்டாம் பதிப்பில் அதே 13ஆவது பின் ஜிபிஐஓ 27 ஆகிவிட்டது. 3ஆவதும் 5ஆவதும் கூட 0, 1 என்பதிலிருந்து 2, 3 என மாறின. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஏழே மாதத்தில் இந்த மாற்றம்.

அப்படியானால் லைப்ரரி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு போர்டிலும் ஒரே ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய சிறிய மெமரியில், தொழிற்சாலையிலேயே ரிவிஷன் எண் ஒன்றைப் பதிந்துவிடுகிறார்கள். 0002 அல்லது 0003 என்றால் பழைய மாடல் பி போர்டின் முதல் பதிப்பு. அதற்கு மேல் என்றால் திருத்திய பதிப்பு. லைப்ரரி இதைப் படித்து, தன்னிடம் உள்ள அட்டவணைகளில் பொருத்தமானதை எடுத்துக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் லைப்ரரி எழுதியபோது இல்லாத போர்டு ஒன்று நாளை வந்தால்?

வந்தது. 2023இல் ராஸ்பெரி பை 5 வெளியானது. அதற்கு முந்தைய போர்டுகளில் 40 பின்களும் முதன்மைச் சிப்பிலிருந்தே வந்தன. பை 5இல் ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்கு அந்த வேலை போய்விட்டது. முதன்மைச் சிப்புக்கும் அதற்கும் இடையே பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு. பின்கள் நிற்கும் இடம் மாறவில்லை, எண்களும் மாறவில்லை. ஆனால் பைத்தானில் பல ஆண்டுகளாக எல்லோரும் பயன்படுத்தி வந்த ஆர்பிஐ டாட் ஜிபிஐஓ லைப்ரரி அதில் வேலை செய்யவில்லை. காரணம், அது கெர்னலைக் கேட்காமல் சிப்பின் ரிஜிஸ்டர்களில் நேரடியாக எழுதும் வகை. ரிஜிஸ்டர்கள் வேறு சிப்புக்கு இடம்பெயர்ந்துவிட்டதால், பழைய முகவரியில் தேடிய லைப்ரரிக்கு ஆளே இல்லை. அதே கட்டளைகளைப் புதிய வழியில் நிறைவேற்றும் மாற்று லைப்ரரி ஒன்று இப்போது கிடைக்கிறது என்பது ஆறுதல்.

நேரடியாக எழுதுவதுதான் வேகம் என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். ஒரு விநாடிக்குப் பல லட்சம் முறை பின்னை மாற்ற வேண்டிய வேலை என்றால் நானும் அதையே சொல்வேன். மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் வேலைக்கு எதற்கு அந்த வேகம்?

கெர்னல் வழியாகப் போவதிலும் பழைய வழி, புதிய வழி என இரண்டு உண்டு. பழைய வழியில் ஒரு பைலில் எண்ணை எழுதிப் பின்னைத் திறக்க வேண்டும். 2016இல் வந்த லினக்ஸ் 4.8 கெர்னலிலேயே இதைக் கைவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். கேட்டவர்கள் குறைவு. 2024இல் ராஸ்பெரி பை ஓஎஸ் 6.6 கெர்னலுக்கு மாறியபோது, இந்தப் பழைய வழியில் எண்கள் 512இல் இருந்து தொடங்கின. பை 4 போன்ற போர்டுகளில் 17 என்று எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஒரே அப்டேட்டில் நின்றுபோயின. ஏனெனில் 17 இப்போது 529!

புதிய வழியில் சிப் ஒன்றுக்கு ஒரு டிவைஸ் பைல் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு பின்னும் ஒரு லைன். இங்கும் எண்ணை மட்டும் நம்பியவர்களுக்கு அடி விழுந்தது. பை 5இல் முதலில் இந்தப் பின்கள் 4ஆம் எண் சிப்பில் இருந்தன. பிறகு வந்த கெர்னலில், பழைய போர்டுகளுக்கு ஒத்துப்போக 0ஆம் எண்ணுக்கு மாற்றினார்கள். அதற்கு ஏற்பப் புரோகிராமைத் திருத்தியவர்கள் மறுபடியும் திருத்த வேண்டியதாயிற்று.

ஆனால் இந்தப் புதிய வழியில் ஒரு நல்ல அம்சம் உண்டு. லைனுக்குப் பெயர் வைக்கலாம். டெர்மினலில் ஜிபிஐஓ இன்ஃபோ என்ற கமாண்டைக் கொடுத்தால் ஒவ்வொரு லைனின் பெயர், இப்போது அதை யார் வைத்திருக்கிறார்கள், உள்ளீடா வெளியீடா என்ற பட்டியல் வரும். "ஜிபிஐஓ17" என்ற பெயரைச் சொல்லித் தேடினால், அது எந்தச் சிப்பில் எத்தனையாவது இடத்தில் இருந்தாலும் கிடைத்துவிடும். மேலும், ஒரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கும் லைனை வேறொன்று கேட்டால் கெர்னல் மறுத்துவிடும். ரிஜிஸ்டரில் நேரடியாக எழுதும் லைப்ரரியைத் தடுக்க அப்படி யாரும் இல்லை. இரண்டு புரோகிராம்கள் ஒரே ரிலேயை மாற்றி மாற்றித் தட்டிக் கொண்டிருக்கலாம்.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? டிவைஸ் ட்ரீ என்ற பைலில் இருந்து. செல்போன், டிவி பாக்ஸ், சிங்கிள் போர்டு எனப் பெருகிய ஏஆர்எம் கருவிகளுக்கு, ஒவ்வொரு போர்டின் விவரத்தையும் கெர்னலுக்குள்ளேயே கோடாக எழுதி வந்தார்கள். அது அளவுக்கு மீறிப் பெருத்து, 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கோபப்பட்டார். பிறகுதான், போர்டில் என்னென்ன இருக்கிறது என்ற விவரத்தைத் தனி பைலில் வைத்து, இயங்கத் தொடங்கும்போது கெர்னலிடம் கொடுக்கும் முறை ஏஆர்எம் உலகில் வேரூன்றியது. வீட்டுக்குப் புதிதாக வேலைக்கு வருபவரிடம் எந்த அறை எங்கே என்று ஒரு வரைபடத்தைக் கொடுப்பது போல. ராஸ்பெரி பை 2015 முதல் இதைப் பயன்படுத்துகிறது.

ஒரு பின்னுக்கு என்ன வேலை என்பதையும் இதே பைல்தான் தீர்மானிக்கிறது. முதல் ராஸ்பெரி பையின் சிப்பில் மொத்தம் 54 ஜிபிஐஓ லைன்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிட் கொண்ட ஒரு கட்டுப்பாடு. மூன்று பிட்டில் எட்டு நிலைகள் கிடைக்கும் அல்லவா? உள்ளீடு ஒன்று, வெளியீடு ஒன்று, மீதி ஆறும் மாற்று வேலைகள். ஜிபிஐஓ 14ஐ எடுத்துக் கொண்டால், அது சாதாரண வெளியீடாகவும் இருக்கலாம், சீரியல் போர்ட்டில் தகவல் அனுப்பும் காலாகவும் இருக்கலாம். சீரியல் போர்ட்டை இயக்கி வைத்துவிட்டு அதே பின்னில் எல்இடியை இணைத்தால், கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போது அது காரணமில்லாமல் மினுமினுக்கும். பேய் பிசாசு எதுவும் இல்லை. கெர்னல் தன் தொடக்கச் செய்திகளை அந்தக் கால் வழியாக அனுப்பிக் கொண்டிருக்கிறது.

பின்னுக்கு வாய் இல்லை என்றேன். ஆனால் சாதனத்துக்கு வாய் கொடுக்க முடியும். 2014 ஜூலையில் 40 பின்கள் கொண்ட மாடல் பி பிளஸ் வந்தபோது, மேலே செருகும் துணை போர்டுகளுக்கு ஒரு விதிமுறையைக் கொண்டு வந்தார்கள். அந்தத் துணை போர்டில் சிறிய ஈப்ராம் சிப் ஒன்று இருக்க வேண்டும். வரிசையில் 27, 28 ஆகிய இரண்டு பின்களும் அதைப் படிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இயங்கத் தொடங்கும்போதே அதைப் படித்து, தயாரித்தவர் யார், என்ன போர்டு, எந்தெந்தப் பின் என்ன வேலைக்கு என்று தெரிந்துகொண்டு பின்கள் அமைக்கப்படுகின்றன. பிசிஐ கார்டு செய்ததையே இது சில ரூபாய் மதிப்புள்ள ஒரு சிப்பை வைத்துச் செய்கிறது. மலிவான துணை போர்டுகள் பலவற்றில் இந்த ஈப்ராம் இருப்பதில்லை என்பது வருத்தமே.

தனிச் சென்சர்களில் பாதிக் கிணறு தாண்டியவை உண்டு. ஐ2சி என்ற முறையில் இரண்டே ஒயரில் பல சாதனங்களை இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. தேடிப் பார்க்கும் கமாண்டைக் கொடுத்தால் 68 என்று காட்டும். சரி, 68 யார்? டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்புக்கும் 68தான். எம்பியு6050 என்ற அசைவு சென்சருக்கும் 68தான். கதவு எண் தெரிகிறது, உள்ளே குடியிருப்பவர் பெயர் தெரிவதில்லை. இதைவிட டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சர் மேல். ஒவ்வொன்றிலும் 64 பிட் எண் ஒன்று தொழிற்சாலையிலேயே பதியப்பட்டிருக்கிறது. 28 என்று தொடங்கினால் அந்தக் குடும்பம் என்று பொருள். ஒரே ஒயரில் பத்து சென்சர்களைத் தொங்கவிட்டாலும் எது எது என்று பிரித்துச் சொல்லும்.

இவை எல்லாம் இயங்கிய பிறகு நடப்பவை. இயங்குவதற்கு முன்? சுவிட்சைப் போட்டது முதல் நம் புரோகிராம் தொடங்குவது வரை உள்ள பல நொடிகளில் பின் என்ன நிலையில் இருக்கிறது என்பதை மிகப் பலர் யோசிப்பதே இல்லை. வழக்கமான ராஸ்பெரி பை போர்டுகளில் ஜிபிஐஓ 0 முதல் 8 வரை மெல்லிய இழுப்பில் 3.3 வோல்ட்டை நோக்கி நிற்கும். 9 முதல் 27 வரை 0 வோல்ட்டை நோக்கி நிற்கும். சில டிரைவர் போர்டுகளுக்கு இந்த மெல்லிய இழுப்பே போதும். மின்சாரம் போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும், புரோகிராம் தொடங்கும் முன்பே மோட்டார் ஒரு முறை ஓடி நிற்கும்.

கடையில் கிடைக்கும் ரிலே போர்டுகள் பல 0 வோல்ட் கொடுத்தால் இயங்குபவை. புரோகிராமில் பின்னை வெளியீடாக அறிவித்த கணத்தில், தொடக்க மதிப்பு சொல்லாவிட்டால், அது பெரும்பாலும் 0வில் நிற்கும். ரிலே டக்கென்று ஒட்டிக்கொள்ளும். எனவே வெளியீடு என்று அறிவிக்கும் அதே வரியில் தொடக்க மதிப்பையும் கொடுத்துவிடுங்கள். இன்னும் முன்னதாகவே கட்டுப்படுத்த, கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டி பைலில் குறிப்பிட்ட ஜிபிஐஓ எண் வெளியீடு, தொடக்கத்தில் உயர்நிலை என ஒரே வரி சேர்க்கலாம். லினக்ஸ் தொடங்கும் முன்பே அது நடைமுறைக்கு வந்துவிடும். 230 வோல்ட் மோட்டார் என்றால் இத்துடன் நிற்காமல், கையால் அணைக்கும் ஸ்விட்ச் ஒன்றும் தனியாக இருக்கட்டும்; சாப்ட்வேரை மட்டும் நம்பி அந்த ஒயரைத் தொடாதீர்கள்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். ஒயர் இணைக்கும்போது வரிசை எண். புரோகிராமில் ஜிபிஐஓ என்ற முன்னெழுத்துடன் சிப் எண். மூன்றாவது எண் முறையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். வயரிங் பையை எழுதியவரே 2019இல் அதை நிறுத்திக் கொண்டார், இப்போது வேறு ஆர்வலர்கள் எடுத்து நடத்துகிறார்கள். ஜிபிஐஓ ஜீரோ என்ற பைத்தான் லைப்ரரியில் வெறும் 17 என்று எழுதாமல் "ஜிபிஐஓ17" என்றோ "போர்டு11" என்றோ மேற்கோள் குறிக்குள் எழுத முடியும். இரண்டும் ஒரே பின். படிப்பவருக்கு ஐயமே வராது. புரோகிராமின் தொடக்கத்தில் மாடி மோட்டார் என்றால் இன்ன பின் என ஒரே இடத்தில் எழுதி, கீழே எல்லா இடத்திலும் அந்தப் பெயரையே பயன்படுத்தினால், நாளை ஒயரை இடம் மாற்றும்போது ஒரு வரி மட்டும் திருத்தினால் போதும். இந்த லைப்ரரியுடன் வரும் பின்அவுட் என்ற கமாண்டை டெர்மினலில் கொடுத்து என்டர் தட்டினால் உங்களிடம் இருக்கும் போர்டின் படமே பின் விவரங்களுடன் வந்துவிடும். அதை ஒரு தாளில் அச்செடுத்துப் பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள்.

கிட் விற்பவர்களிடமும் கையேடு எழுதுபவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வரிசை எண்ணையே பெயராக வைத்தவர்களும் இருக்கிறார்கள். பீகிள்போன் பிளாக் போர்டில் பி9 ஹெடரின் 12ஆவது பின் என்றால் ஆவணம், புரோகிராம் எல்லாவற்றிலும் அதே பெயர்தான், ஆகவே அந்தப் போர்டுக்காரர்கள் எந்த 12 என்று சண்டை போடுவதில்லை. ராஸ்பெரி பைக்கு அப்படி ஒரு பெயர் தொடக்கத்தில் வைக்கப்படவில்லை. ஆனால் "ஜிபிஐஓ 4, வரிசையில் 7ஆவது பின்" என்று கையேட்டில் அச்சிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த முறை சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ கிட் வாங்கும்போது கையேட்டைப் பிரித்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 4 என்று மட்டும் இருந்தால், எந்த 4 என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.